பாலியில் சாமி கும்பிடுவதும் கலை செய்வதும்

கேள்வி இது: "பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கே இருப்பவர்கள் இந்துக்கள் என்கிறார்கள். ஆனால் படங்களில் பார்த்தால் நம் கோயில் மாதிரி எதுவுமே இல்லை. தெருவெல்லாம் பூத்தட்டு, எங்கே பார்த்தாலும் நடனம். இதெல்லாம் உண்மையான பக்தியா, சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்வதா? நம் சமயத்துக்கும் அதற்கும் என்ன உறவு?"

உண்மையான பக்திதான். பயணிகள் ஒருவர்கூட வராவிட்டாலும் அந்தப் பூத்தட்டு நாளைக் காலையில் அதே இடத்தில் இருக்கும். கொரோனா காலத்தில் தீவே வெறிச்சோடிக் கிடந்தபோதும் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் பாலி ஒரு மாகாணம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 43 லட்சம், அதில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள்.

ஆனால் நம் ஊர்க் கோயிலை மனதில் வைத்துக்கொண்டு போனால் குழம்பித்தான் போவீர்கள். கருவறையில் மூலவர் இல்லை. தினசரி அபிஷேகம் இல்லை. படையலில் பன்றி இறைச்சி இருக்கும். பிள்ளையார் சிலை வாசலில் காவலுக்கு நிற்பார், ஆனால் அவருக்கென்று பெரிய வழிபாடு கிடையாது. நம் ஊரில் இருப்பது போன்ற முருகன் வழிபாட்டைத் தேடினாலும் கிடைக்காது. "எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள்" என்ற கேள்வியோடு போனால் பாதிதான் புரியும். "என்ன செய்கிறார்கள்" என்று பாருங்கள். பாலியில் சமயம் என்பது முதலில் கைவேலை. ஓலையை நறுக்குவது, பூ அடுக்குவது, மூங்கிலை வளைப்பது, மேளம் அடிப்பது, நீரைத் தெளிப்பது. அப்படிச் செய்தது ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ அழிந்துவிடும், மறுபடி செய்வார்கள். அந்தத் தீவின் கலை இத்தனை உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதனால் கைவேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் படத்தில் பார்த்த பூத்தட்டுக்குப் பெயர் சனாங் சாரி. இளம் தென்னங்குருத்தோலையை மடித்து, மூங்கில் ஈர்க்குச்சியால் தைத்து, உள்ளங்கை அளவில் ஒரு சின்னத் தட்டு செய்கிறார்கள். இப்போது அவசரத்துக்கு ஸ்டேப்ளர் அடிப்பதும் உண்டு. அடியில் வைப்பது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. மூன்றும் சேர்ந்தால் விஷ்ணு, பிரம்மா, சிவன் என்று கணக்கு. அதன்மேல் பூக்கள், அதுவும் இஷ்டத்துக்கு இல்லை. கிழக்கில் வெள்ளை, அது ஈஸ்வரனுக்கு. தெற்கில் சிவப்பு, பிரம்மாவுக்கு. மேற்கில் மஞ்சள், மகாதேவனுக்கு. வடக்கில் நீலமோ பச்சையோ, விஷ்ணுவுக்கு. நடுவில் நறுக்கிய ரம்பை இலை. மேலே ஊதுபத்தி. பெண்கள் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, தட்டை வைத்து, நீரைத் தெளித்து, புகையைக் கையால் மெல்ல வீசி மேலே அனுப்புகிறார்கள். வீட்டுக் கோயில், வாசல், கடைக் கல்லா, ஸ்கூட்டர், நாற்சந்தி என்று வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள்.

வைத்து முடித்தவுடன் அதன் வேலை முடிந்தது. பத்து நிமிடத்தில் கோழி கொத்தும், நாய் முகரும், கார் ஏறும். யாரும் கவலைப்படுவதில்லை. நம் வீட்டு வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொண்டால் இது உடனே விளங்கிவிடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காலையில் சோறு வடித்ததும், வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன், சின்னச் சின்ன வாழையிலைத் துண்டுகளில் ஒரு பிடி சோறும் உப்பும் வைத்து அடுப்புக்கும் கிணற்றுக்கும் அரிசிப் பானைக்கும் படைக்கிறார்கள். தரையில் வைக்கும் படையல் வேறு. அது பூதங்களுக்கும் காலனுக்கும். மேலே இருப்பவர்களுக்கு நன்றி சொல்லும் அதே கை கீழே இருப்பவர்களின் பசியையும் ஆற்றுகிறது. தீய சக்தியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற எண்ணம் பாலியில் குறைவு. அதற்குரிய பங்கைக் கொடுத்து அடங்கி இருக்கச் செய்ய வேண்டும் என்பதே பழக்கம். சிலைகளுக்கும் மரங்களுக்கும் கட்டியிருக்கும் கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட துணியைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று அந்தத் துணி சொல்கிறது.

வீட்டு அமைப்பையும் இந்த எண்ணம்தான் தீர்மானிக்கிறது. அங்கே திசை என்றால் முதலில் மலைப்பக்கம், கடல்பக்கம். ஆகுங் எரிமலை இருக்கும் பக்கம் புனிதம், கடல் பக்கம் அதற்கு எதிர். தீவின் தென்பகுதியில் வீட்டுக் கோயில் வடகிழக்கு மூலையில், அடுப்படி தெற்கில். தூங்கும்போது தலையை மலைப்பக்கமோ கிழக்கோ வைக்க வேண்டும். கிராமமும் இதே வரைபடம்தான்: மலைப்பக்கம் ஊரைத் தோற்றுவித்தவர்களின் கோயில், நடுவில் ஊர்க்கோயில், கடல்பக்கம் சுடுகாட்டை ஒட்டி துர்க்கைக்கு உரிய புரா தாலெம் என்ற கோயில்.

நாட்காட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றாட வாழ்க்கை அதில்தான் மாட்டியிருக்கிறது. இரண்டு நாட்காட்டிகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று நமக்குத் தெரிந்த சக ஆண்டு, நிலவை வைத்து. இன்னொன்று 210 நாள் கொண்ட பவுக்கோன் சுற்று: ஏழு நாள் வாரங்கள் முப்பது. அதோடு மூன்று நாள் வாரம், ஐந்து நாள் வாரம் என்று பலவும் ஒரே நேரத்தில் சுழலும். எந்த இரண்டு வாரங்களின் எந்த நாட்கள் ஒன்றாக வருகின்றன என்பதை வைத்துத்தான் திருவிழாவும் கல்யாணமும் வீட்டு அஸ்திவாரமும்.

இந்தச் சுற்றில் 35 நாளுக்கு ஒரு தும்பெக் நாள் வரும். ஒன்று உலோகப் பொருட்களுக்கு. முன்பு குறுவாள், இன்று கார், பைக், கணினி எல்லாவற்றுக்கும் ஓலைத் தோரணம் கட்டுகிறார்கள்; நம் ஆயுத பூஜையேதான். ஒன்று விலங்குகளுக்கு, ஒன்று நிழற்பாவைகளுக்கு. எனக்கு மிகவும் பிடித்தது மரங்களுக்கான நாள். கலுங்கன் பண்டிகைக்குச் சரியாக 25 நாள் முன்னால் வரும். தோட்டத்து மரத்தைத் தட்டி, தாத்தா பாட்டியிடம் பேசுவது போலப் பேசி, "இன்னும் 25 நாளில் கலுங்கன், நிறையக் காய்க்க வேண்டும்" என்று சொல்லிக் கஞ்சி படைக்கிறார்கள். சரஸ்வதிக்கும் 210 நாளுக்கு ஒரு முறை நாள் வருகிறது. அன்று ஏடுகளையும் புத்தகங்களையும் அடுக்கிப் படையல் வைத்துவிட்டு வாசிப்பதை நிறுத்திவைப்பார்கள். மறுநாள் விடியலில் கடலுக்கோ ஊற்றுக்கோ போய்த் தலைமுழுகுவார்கள். இதைக் கேட்கும் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை.

கலுங்கன் அன்று முன்னோர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பத்து நாள் கழித்துக் குனிங்கன் அன்று திரும்பிப் போகிறார்கள். அதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெஞ்சோர் என்ற உயரமான மூங்கில் நடுவார்கள். நுனி வளைந்து தொங்கும். உடலெல்லாம் நெற்கதிர், தேங்காய், கிழங்கு, ஓலைச் சித்திரம். ஒரு தெரு முழுவதும் இருபுறமும் அவை வளைந்து நிற்பதைப் பார்த்தால், திறமையைக் காட்ட ஓர் ஓவியனோ சிற்பியோ தேவையில்லாத ஊர் இது என்று தோன்றும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பெஞ்சோரைத் தானே கட்டப் பழகியவர்.

சக ஆண்டின் பிறப்பு ஞெப்பி. சில ஆண்டுகளில் அது யுகாதியோடு ஒரே நாளில் வரும். 2023இல் இரண்டுமே மார்ச் 22. ஆனால் கொண்டாட்டம் நேர்மாறு. நெருப்பு மூட்டக் கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். 2018இலிருந்து கைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். முந்தைய நாள் மாலை அதற்கு முழு எதிர்: பேட்டை இளைஞர்கள் வாரக்கணக்கில் செய்த ஓகோ-ஓகோ என்ற பூதப் பொம்மைகளைத் தோளில் தூக்கித் தெருவில் ஆட்டி, சந்திகளில் சுழற்றி, பிறகு பலவற்றை எரித்துவிடுகிறார்கள். இந்தப் பொம்மை ஊர்வலம் பழங்காலத்தது இல்லை, 1980களில்தான் இப்படிப் பரவியது. சமயத்துக்குள் புதிய கலை பிறந்து வேர்விடுவதற்கு ஒரு தலைமுறை போதும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

சரி, இப்போது நீர். பாலி மக்கள் தங்கள் சமயத்தை முன்பு தீர்த்த சமயம் என்றே சொல்லிவந்தார்கள். பெடண்டா என்ற பிராமணப் பூசகர் விடியலில் முத்திரைகளோடும் மணியோடும் சமஸ்கிருத மந்திரங்களோடும் சூரிய சேவை செய்கிறார். அந்த நேரத்தில் சிவன் அவர் உடலில் இறங்குகிறார், அதனால் அவர் முன்னிருக்கும் நீர் தீர்த்தமாகிறது என்பது நம்பிக்கை. சைவப் பெடண்டாவும் உண்டு, பௌத்தப் பெடண்டாவும் உண்டு. பெரிய சடங்குகளில் இருவரும் சேர்ந்து அமர்வார்கள். பிறப்பு, பல் ராவுதல், திருமணம், மரணம் எதுவும் தீர்த்தம் இல்லாமல் முடியாது. கும்பிட்டு முடித்தபின் தீர்த்தத்தைத் தலையில் தெளித்து, மூன்று முறை உள்ளங்கையில் வாங்கிக் குடித்து, ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

இதே நீர்தான் வயலுக்கும் போகிறது, நான் சொல்ல நினைத்ததில் மிக முக்கியமானது இதுதான். பாலியின் நெல்வயல்களைச் சுபாக் என்ற பாசனச் சங்கங்கள் நிர்வகிக்கின்றன. ஒரே மடையிலிருந்து நீர் பெறும் உழவர்கள் ஐம்பது முதல் நானூறு பேர் வரை ஒரு சங்கம். இப்படிச் சுமார் 1,200 இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயில், ஒவ்வொரு வயலின் தலைமடையிலும் நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீக்கு ஒரு சின்ன மேடை. பல சுபாக்குகள் சேர்ந்து ஓர் ஆற்றணைக் கோயில். எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் எரிமலைக் குழியின் விளிம்பில், ஏரித் தேவிக்கு உரிய உலுன் டானு கோயில்.

இந்தக் கோயில்களில் உழவர்கள் கூடித்தான் யார் எப்போது நடவு செய்வது என்று முடிவெடுப்பார்கள். எல்லாரும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. ஆளுக்கு ஒரு நாள் நட்டால் எப்போதும் எங்காவது பயிர் நிற்கும், பூச்சிக்கும் எலிக்கும் வருடம் முழுவதும் விருந்து. அதனால் பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து வயலை நீரில் மூழ்கவிட்டுக் காயப்போடும். வேறொரு தொகுதி வேறு மாதத்தில் செய்யும். பூச்சிக்கு இரை இல்லாத இடைவெளி கிடைக்கும், நீரும் பங்காகும். இத்தனை கணக்கும் கோயில் சடங்கின் முறைக்குள் இருந்தது.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் முறையை மறந்துவிட்டு, புதிய விதையை இடைவிடாமல் நடுங்கள் என்று அரசு சொன்னது. சில ஆண்டுகள் விளைந்தது. அப்புறம் தத்துப்பூச்சியும் வைரஸ் நோயும் வயல் வயலாகத் தின்றன. சில இடங்களில் விளைச்சலே இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார். நீர்க்கோயில்களின் வலையமைப்பு எந்த அளவில் சுபாக்குகளைச் சேர்த்துவைத்திருந்ததோ, ஏறத்தாழ அந்த அளவில்தான் நீரிழப்பும் பூச்சிச்சேதமும் குறைந்தபட்சமாக இருந்தன. கடைசியில் அதிகாரிகளும் கோயில் முறைக்குத் திரும்புவதை ஒப்புக்கொண்டார்கள். 2012இல் யுனெஸ்கோ சுமார் 19,500 ஹெக்டேர் வயல்களையும் கோயில்களையும் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. மேலிருந்து வரும் நீரைக் கீழ்வயல்காரன் நம்பி இருக்க வேண்டிய ஊரில், மேல்வயல்காரனைக் கட்டுப்படுத்த ஒரு தெய்வம் தேவைப்பட்டது. அந்தத் தெய்வத்தை அவர்கள் வெறும் விதியாக நினைக்கவில்லை, உண்மையாகவே கும்பிடுகிறார்கள். அதனால்தான் முறையும் நின்றது.

கோயிலுக்கு வருவோம். பாலியில் கோயிலுக்குப் புரா என்று பெயர். சுவர் சூழ்ந்த திறந்த முற்றங்கள். நடுவில் பிளந்த மலை போன்ற வாயில். உள்ளே கறுப்புப் பனைநாரில் வேய்ந்த அடுக்குக் கூரைகள், ஒற்றைப்படையில், பதினொன்று வரை. மிக உயர்ந்த இடத்தில் ஒரு கல் ஆசனம், பத்மாசனம். அது காலியாகவே இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தா என்ற பூசகர் அதைப் பரப்பினார் என்பது மரபு. சாதாரண நாளில் கோயில் வெறுமையாகக் கிடக்கும். 210 நாளுக்கு ஒரு முறையோ வருடத்துக்கு ஒரு முறையோ ஓடாலான் என்ற திருநாள் வரும்போது தெய்வங்கள் இறங்கி வருகின்றன, பெரும்பாலும் மூன்று நாள் விருந்தினராகத் தங்குகின்றன. வந்த விருந்தாளிக்கு என்ன செய்வோம்? இருக்கை, உணவு, வாசனை, பாட்டு, ஆட்டம். பாலியின் அத்தனை கலையும் இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஓடாலானை நேரில் பார்த்தால் முதலில் சத்தம்தான் திகைக்க வைக்கும். ஒரு மூலையில் பெடண்டா மந்திரம் சொல்லி மணி ஆட்டுகிறார். பக்கத்தில் பெண்கள் கிடுங் என்ற பக்திப் பாடல்களைப் பாடுகிறார்கள். மரத்தால் ஆன ஊர்மணி அடிக்கிறது. ஒரு கமெலான் குழு வெண்கல மணிப்பலகைகளை முழக்குகிறது. இன்னொரு பக்கம் தலாங் என்ற பாவைக்கூத்தர் பட்டப்பகலில் தோல்பாவை ஆட்டுகிறார்: விளக்கு இல்லை, திரை இல்லை, இரண்டு கிளைகளுக்கு இடையில் கட்டிய ஒரு நூல் மட்டும். பார்க்க யாருமே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதே நேரத்தில் முகமூடி ஆட்டமும் நடக்கும். ஒன்றையொன்று மறைக்கிறதே, எதைக் கேட்பது என்று நமக்குத் தோன்றும். மனிதர்கள் கேட்பதற்காக அவை நடக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நிறைந்திருப்பதுதான் சடங்கின் தேவை.

கூத்தும் சடங்கும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதற்கு இரண்டு உதாரணம். பவுக்கோன் சுற்றில் வயாங் என்ற வாரத்தில் பிறந்த குழந்தையைக் காலன் தின்ன வருவான் என்பது நம்பிக்கை. சிவனின் மகனான காலன் அதே வாரத்தில் பிறந்த தன் தம்பி குமாரனைத் துரத்துகிறான். குழந்தை ஓடிப்போய் ஒரு தலாங்கின் இசைக்கருவியில் உள்ள மூங்கில் குழலுக்குள் ஒளிந்துகொள்கிறது. தலாங்கின் படையலைக் காலன் தின்றுவிடுவதால் கடன்பட்டு, குழந்தையை விட்டுவிடுகிறான். ஆகவே இன்றும் அந்த வாரத்தில் பிறந்தவருக்காக இதே கதையை ஆட்டி, முடிவில் தலாங்கே தீர்த்தம் செய்து தெளிக்கிறார். கதை சொல்பவரே அங்கே பூசகர்.

இன்னொன்று, துருத்திய பற்களோடு வெள்ளை முகமூடி அணிந்து வரும் சிதாகார்யா. பெசாகி பெருங்கோயிலில் மன்னர் வத்துரெங்கோங் மாபெரும் சடங்கு நடத்தியபோது கந்தலாடையில் வந்த ஒரு பிராமணரை விரட்டியடித்தார்கள். அவர் சபித்துவிட்டுப் போக, பயிரில் பூச்சி, ஊரில் நோய். மன்னர் அவரைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்ட பின்புதான் சடங்கு நிறைவேறியது. இன்றைக்கும் பெரிய சடங்குகள் இந்த முகமூடி ஆட்டக்காரர் வந்து மஞ்சள் அரிசியைத் தூவினால்தான் முடிந்ததாகக் கணக்கு. அவர் ஒரே ஆளாகக் கோமாளி, அமைச்சர், அரசன் என்று முகமூடிகளை மாற்றி மாற்றி ஆடுவதால், பழைய வரலாறு அறியாத சிறுவனும் அங்கேயே அதைக் கற்றுக்கொள்கிறான்.

காவல் மிருகமான பாரோங், சூனியக்காரியான ரங்டா இருவரின் முகமூடிகள் இன்னும் தீவிரமானவை. அவற்றுக்கான கட்டை பூலே மரத்திலிருந்து வர வேண்டும். நம் ஏழிலைப்பாலைதான் அது. நல்ல நாள் பார்த்து, படையல் வைத்து, மரம் சாகாமல் ஒரு துண்டை மட்டும் எடுப்பார்கள். உயிரேற்றிய பிறகு முகமூடி கோயில் சொத்து. ஆடாத நாளிலும் அதற்குப் படையல் உண்டு.

சிற்பத்திலும் இதே மறுபடி மறுபடி. பாலிக் கோயில்களின் கல் பாராஸ் என்ற மென்மையான எரிமலைக் கல். கையுளியால் மளமளவென்று செதுக்கலாம், ஆனால் மழைக்கும் பாசிக்கும் தாங்காது. ஆயிரம் வருடம் பழையது என்று நீங்கள் படம் எடுக்கும் சிலைக்கு முப்பது வயதுகூட இல்லாமல் இருக்கலாம். நம் ராஜராஜன் கருங்கல்லில் கட்டினான், நாம் அதைக் காப்பாற்றுகிறோம். பாலியில் கல் கரைந்துபோகிறது, அதனால் சிற்பி காப்பாற்றப்படுகிறான்: ஒவ்வொரு தலைமுறைக்கும் வேலை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலை நேசிக்கும் நான் இதை ஏக்கத்தோடுதான் சொல்கிறேன்.

உபுத் என்ற ஊரில் வாழ்ந்த கலைஞர் குஸ்தி ஞோமன் லெம்பாட் நூறு வயதைத் தாண்டி 1978இல் மறைந்தார். அவருடைய கோட்டோவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1936இல் தொடங்கிய பிட்டா மகா ஓவியர் அமைப்பில் அவர் ஒரு தூண். ஆனால் ஊருக்கு அவர் முதலில் 'உண்டகி' என்ற கைவினைஞர், அதாவது கட்டடமும் தகன கோபுரமும் செய்பவர். பாலியின் ஈமச்சடங்கான ஙாபெனில் உடலைப் பல அடுக்குக் கோபுரத்தில் ஏற்றி, ஆவி வழி மறக்கட்டும் என்று சந்திகளில் சுழற்றி, சுடுகாட்டில் காளை உருவப் பெட்டிக்குள் வைத்து எரிக்கிறார்கள். வாரக்கணக்கில் செய்த தங்கத்தாளும் வண்ணமும் ஒரு பிற்பகலில் சாம்பல். செலவு அதிகம் என்பதால் பலர் உடலை முதலில் புதைத்துவைத்து, ஊரோடு சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டாக எரிப்பார்கள்.

பல் ராவும் சடங்கையும் சொல்லாமல் விட முடியாது. பருவமடைந்த ஆண், பெண் இருவருக்கும் மேல்வரிசையில் ஆறு பற்களின் நுனியை லேசாக ராவுவார்கள். அந்த ஆறும் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம். நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த அதே பட்டியல், அங்கே உடம்பிலேயே பதிகிறது.

இத்தனை வேலையை யார் செய்கிறார்கள்? பஞ்சார் என்ற பேட்டைச் சங்கம். திருமணமான ஒவ்வொரு குடும்பமும் அதில் உறுப்பு. ஊர்மணி அடித்தால் போக வேண்டும். கோயிலுக்காகக் கூலியின்றிச் செய்யும் உழைப்புக்கு ஙாயா என்று பெயர். ஆண்கள் விடியலில் இறைச்சியும் தேங்காயும் நறுக்குகிறார்கள், பெண்கள் ஓலை தைக்கிறார்கள், பிள்ளைகள் கமெலான் பழகுகிறார்கள். கமெலானில் ஒரே மெட்டை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடித்து நிரப்புவார்கள். தனி ஆளாக வாசிக்கவே முடியாது. பஞ்சாரில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாக வந்துவிடுகிறது. இதன் சுமையையும் சொல்ல வேண்டும். ஹோட்டலிலோ வங்கியிலோ வேலை பார்க்கும் பெண்கள் அலுவலகத்தையும் படையலையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். சனாங் இப்போது பெரும்பாலும் சந்தையில் வாங்குவதுதான்; குருத்தோலையே ஜாவாவிலிருந்து லாரியில் வருகிறது.

இப்போது உங்கள் சுற்றுலாக் கேள்விக்கு நேராக வருகிறேன். பயணிகளுக்காகச் செய்தவையும் உண்டு. "சக் சக்" என்று நூறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ராமாயணம் நடத்தும் கெச்சாக் 1930களில் உருவானது. பழைய சாமியாட்டச் சடங்கின் குரலிசையை எடுத்து, வயான் லிம்பாக் போன்ற பாலி ஆட்டக்காரர்களும் ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸும் சேர்ந்து அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல கலை, தாராளமாகப் பாருங்கள். ஆனால் கோயிலுக்குள் நடக்கும் ஆட்டத்தையே ஹோட்டலில் காட்டும் நிலை வந்தபோது பாலி மக்கள் சும்மா இருக்கவில்லை. 1971இல் கூடிப் பேசி நடனங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கோயிலின் உள்முற்றத்துக்கு மட்டும் உரியவை, சடங்கோடு சேர்ந்து நடுமுற்றத்தில் ஆடுபவை, பொழுதுபோக்குக்கானவை. தெய்வத்தை வரவேற்கும் பெண்டெட்டுக்குப் பதிலாக விருந்தினரை வரவேற்கத் தனியாக ஒரு நடனமும் செய்தார்கள். 2015இல் மூன்று வகைகளும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. எல்லை எப்போதும் கறாராக நிற்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

நமக்கும் அவர்களுக்கும் உறவு? நேரடியாகத் தமிழ்நாட்டிலிருந்து போனது என்று உரிமை கொண்டாடாதீர்கள். வட பாலியின் செம்பிரானில் கிடைத்த பானை ஓடுகளில் நம் அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற ரௌலட் வகை, அதாவது சிறு சக்கரக் கருவியால் கோடு பதித்த வகை, இருக்கிறது. ஆக ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கடல்வழித் தொடர்பு உண்டு. அவர்கள் எழுத்தின் மூதாதை பல்லவ எழுத்து, ஜாவாவின் காவி எழுத்து வழியாக வந்தது. நம்மைப் போலவே பனையோலையில் எழுதினார்கள். சிங்கராஜா நகரில் 1928இல் நிறுவிய கெடோங் கீர்த்தியா என்ற ஏட்டு நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஏடுகள் இருக்கின்றன. அவற்றை ஒருவர் பழைய ஜாவா மொழியில் ராகத்தோடு பாட, மற்றவர் பாலி மொழியில் பொருள் சொல்லும் வாசிப்புக் குழுக்கள் இன்றும் உண்டு. ஆனால் பெரும்பகுதி ஜாவா வழியாக, குறிப்பாக 1343இல் மஜாபாகித் பேரரசு பாலியை வென்ற பிறகு வந்தது. அதற்கும் அடியில் முன்னோர் வழிபாடும் மலை வழிபாடும் அந்த மண்ணின் சொந்தம். விடுதலைக்குப் பின் இந்தோனேசிய அரசு, ஒரே கடவுளும் வேதநூலும் உள்ள சமயத்தைத்தான் அங்கீகரிப்போம் என்றது. அப்போது பாலி மக்கள் போராடி 1950களின் இறுதியில் அங்கீகாரம் பெற்றார்கள். சங் ஹியாங் விதி என்ற ஒரே பரம்பொருள், காயத்ரியோடு தொடங்கும் மூன்று வேளைத் தொழுகை இரண்டும் இந்தக் காலத்தில்தான் முன்னுக்கு வந்தன.

இன்று அவர்களை வருத்துவது பக்திக் குறைவு இல்லை, நிலமும் நீரும்தான். தெற்கே வயல்கள் விடுதிகளாகின்றன. ஒரு சுபாக்கின் நடுவில் நான்கு வயல் விலைபோனால் வாய்க்கால் அறுந்து கீழே உள்ளவர் எல்லாரும் பாதிக்கப்படுகிறார்கள். தேவி ஸ்ரீயின் மேடைக்கும் அங்கே வேலை இல்லாமல் போகிறது. விடுதி பதிவு செய்யும்போது வயலுக்குள் கட்டியதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

போகும்போது சில விஷயங்கள். தேதியை ஞெப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று விமானம் இறங்காது, விடுதியை விட்டு வெளியே வரவும் முடியாது. முந்தைய மாலை அங்கே இருக்க முடிந்தால் கட்டாயம் இருங்கள். கோயிலுக்கு ஆண், பெண் இருவரும் சாரோங் கட்டி இடுப்பில் கச்சை கட்ட வேண்டும். நம் வேட்டிக்கு மேலும் கச்சை வேண்டும். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் உள்ளே போகக் கூடாது, மாதவிலக்கு நாளிலும் அனுமதி இல்லை. வாயிலில் பலகையே வைத்திருப்பார்கள். பூசகரை விட உயரமான இடத்தில் ஏறி நிற்காதீர்கள். தரையில் இருக்கும் சனாங்கை, ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். விடுதியில் வேலை செய்பவரிடம் பக்கத்தில் எங்காவது ஓடாலான் இருக்கிறதா என்று கேளுங்கள். இத்தனை ஆயிரம் கோயிலில் எங்காவது ஒன்றில் நிச்சயம் இருக்கும், மரியாதையாக உடுத்திப் போனால் பெரும்பாலும் உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள்.